அழுத்தாத பட்டன்

எங்கள் நிலையத்துக்கு இரண்டு கதவுகள். வருவதற்கு முன்கதவு, போவதற்குப் பக்கத்துச் சந்தில் திறக்கிற இன்னொரு கதவு. உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. வருகிறவர் கையில் ஒரு வண்ண அட்டையைக் கொடுப்போம். "பச்சை உள்ள வரலாம்" என்பேன், பச்சை எழுந்து போவார். கடையிலோ பேருந்திலோ அவர்களைப் பார்க்க நேர்ந்தால் நாங்களாக முகம் மலரக் கூடாது. அவர்கள் சிரித்தால் சிரிக்கலாம். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்போல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் டாக்டரம்மா போட்ட சட்டம். கர்ப்பத்தில் சிக்கல், கர்ப்பம் கலைந்த துக்கம், பிள்ளை பெற்ற பிறகு வருகிற மனச்சோர்வு என்று பெண்கள் வந்து மனம்விட்டுப் பேசுகிற இடம் அது. முன்மேஜையில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைக் காவல் காப்பவள் நான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஒருமுறை கூரியர்காரர் காத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்று ஆரம்பித்தார். நான் விட்ட டோஸில் மனிதர் கையெழுத்துகூட வாங்காமல் ஓடிவிட்டார். டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா திட்டுங்க, உள்ள பேசறது கேக்கல" என்றார்.

அப்படிப்பட்ட எனக்கு மூன்றாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மாவுக்கும் சொல்லவில்லை, என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். ஏன் மறைத்தாய் என்று என் மாமியாரைத் தெரிந்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். அத்தை தங்கமானவர், என்னைப் பெற்ற மகளைப் போல்தான் வைத்திருக்கிறார். ஆனால் அவர் காதில் விழுந்த சேதி அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் உறவு முழுக்கப் பரவிவிடும். யாரோ ஒரு சித்தி போன் போட்டு, "அழாதம்மா" என்று ஆரம்பித்து, தானே ஓவென்று அழ, நான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. கர்ப்பமானதையே நாங்கள் இன்னும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை, சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் இதையும் யாருக்கும் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

படுத்திருந்த அந்த வாரம் பார்த்து என் போன் பழுதாகிக் கடைக்குப் போயிருந்தது. கூடத்தில் கிடந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டேன். அது பேருக்குத்தான் வீட்டுக்குப் பொது, உண்மையில் அத்தையின் ராஜ்யம். எப்போதும் அவருடைய அக்கவுண்ட்தான் அதில் திறந்திருக்கும். அதில் எங்கள் நிலையத்தின் வெப்சைட்டுக்குப் போய் 'இழந்த கர்ப்பம்' என்ற பக்கத்தைத் திறந்தேன். டாக்டரம்மா சொல்லச் சொல்ல டைப் அடித்ததே நான்தான். அன்றைக்கு எழுத்துப்பிழை பார்த்தேனே ஒழிய, என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வரியும் உறைத்தது. அந்தப் பக்கம் இப்படி முடியும்: 'அந்தக் குழந்தைக்கு நீங்கள் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.'

நான் யோசித்து வைத்திருந்தேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரிக்காகவே தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன், அழுதேன். பிறகு ஹிஸ்டரியை அழித்துவிட்டு டேப்லெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இரண்டு கதவு வைத்த இடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ன?

இனி குடைச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை, என் நாத்தனார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்கிற வேலை. வீட்டில் எல்லோரும் அவளைக் குடைச்சல் என்றுதான் கூப்பிடுவோம், அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பாள். எதை வாங்கி வந்தாலும் உறையில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் பிரிப்பாள். அத்தை புதிதாக ஒரு ஆப் இறக்கினால் போதும், "சோலிட்டேர் ஆடறதுக்கு உன் போன்ல இருக்கற அத்தன பேரோட நம்பரும் எதுக்கும்மா அவனுக்கு?" என்று பிடுங்கி அழித்துவிடுவாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். துணி மடிப்பதில் தொடங்கிக் குளியலறை விளக்கை அணைப்பது வரை எல்லாவற்றுக்கும் சண்டை. எங்கள் வெப்சைட் ஆமை மாதிரி நகர்கிறதே, கொஞ்சம் பார்த்துக் கொடேன் என்று முன்பொருமுறை கேட்டதற்கு, "நாள் பூரா அதே வேலை அண்ணி, வீட்டுக்கு வந்தும் அதேவா? ஆள விடுங்க" என்று பெரிய கும்பிடு போட்டாள்.

நான் எழுந்து நடமாட ஆரம்பித்த சமயம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தை டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன கண்றாவிடா இது? நான் பாட்டுக்கு ரோஜாச் செடி வீடியோ பாத்துட்டு இருக்கேன். நடுநடுவுல 'கர்ப்பம் கலைந்ததா, கலங்காதீர்கள்'னு ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம். அடுத்தது 'மீண்டும் தாயாகலாம்'னு ஒண்ணு. இந்த வயசுல எனக்கு எதுக்கு இது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும் அவர் பார்வை மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்தது. அந்த விளம்பரம் யாருக்காவது பொருந்தும் என்றால் அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் பொருந்தும். அதில் காய்ச்சல் என்று ஒரு வாரம் போர்வைக்குள் கிடந்தவள் நான். என் கணவர் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். எல்லாவற்றையும்தான் அழித்துவிட்டேனே, எப்படி?

"குடு பாக்கலாம்" என்று குடைச்சல் எட்டி வாங்கினாள். விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அட, இது நான்தாம்மா."

"நீயா?" அத்தையின் சிரிப்பு நின்றது.

"அண்ணி வேலை பாக்கற இடத்து வெப்சைட்ட சரிபண்ணிக் குடுக்கறேன்ல? பெரிய ஸ்க்ரீன்ல எப்படித் தெரியுதுன்னு இதுல திறந்து திறந்து பாத்தேன். அதான் அந்த விளம்பரமெல்லாம் உன் பின்னாடியே வருது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாதே. "எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க டாக்டரம்மாதான் கேட்டாங்க. முடிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன். தண்ணி குடுங்க அண்ணி" என்றாள்.

தப்பித்தேன்டா சாமி என்று இருந்தது எனக்கு. நான் அழித்துவிட்டேன், இவள் அழிக்காமல் விட்டிருக்கிறாள், விஷயம் அவ்வளவுதான் என்று மனம் சமாதானமானது. டாக்டரம்மா எந்த நேரத்தில் இவளைக் கூப்பிட்டாரோ, அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன். சாப்பாடு முடிந்ததும் அத்தை குடைச்சலைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தணிந்த குரலில் வெகு நேரம் பேச்சு. வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். "வேற என்ன, கல்யாணப் பேச்சுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானும் நம்பினேன்.

மறுநாள் வேலைக்குப் போனால், டாக்டரம்மாவின் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குடைச்சல் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க வந்தாள். ஒருநாள், வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"டாக்டர், இந்த ஷேர் பட்டனயெல்லாம் எடுத்தாகணும்."

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரிசையாக நான்கு பட்டன்கள் இருந்தன. பிடித்திருந்தால் அழுத்தி நண்பர்களுக்கு அனுப்பலாம். டாக்டரம்மா ஆசையாகக் கேட்டு வைத்தவை.

"அத மட்டும் கேக்காதம்மா" என்றார் டாக்டரம்மா. "போன மாசம் ஒரு பொண்ணு வந்தா. அவ தோழி ஷேர் பண்ணினதப் பாத்துத்தான் இப்படி ஒரு இடம் இருக்குன்னே அவளுக்குத் தெரிஞ்சுது. அது இல்லேன்னா இன்னமும் கதவ சாத்திட்டு உள்ள உக்காந்திருப்பா."

"நீங்க சொல்றது நியாயந்தான். இந்தப் பக்கத்த எத்தன பேர் ஷேர் பண்ணியிருக்காங்க?"

அவள் திறந்து காட்டியது 'இழந்த கர்ப்பம்'. பட்டன்களுக்குப் பக்கத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"யாருமே அழுத்தலியே. அப்புறம் அதனால என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டது நான்.

"அழுத்தவே வேண்டாம் அண்ணி. இந்தப் பட்டன் நம்ம பொருள் கிடையாது. வீடியோவும் விளம்பரமும் காட்டற கம்பெனியோட பொருள், அவங்க மெஷின்ல இருக்கு. யாராவது இந்தப் பக்கத்தத் திறந்தா, 'பட்டன அனுப்பு'ன்னு அவங்களுக்கு ஒரு தகவல் போகும். எந்தப் பக்கத்துக்கு, எந்த மெஷினுக்குங்கறதும் அதோட சேந்தே போகும்."

லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். அது எங்கெல்லாம் போய் எதையெல்லாம் கேட்டு வாங்குகிறது என்று ஓரத்தில் வரிவரியாக ஓடியது. எங்கள் பெயர், எங்கள் பெயர், எங்கள் பெயர். நடுவில் அந்தக் கம்பெனியின் பெயர். பட்டனை யாரும் தொடவில்லை, அம்புக்குறி அதன் பக்கம்கூடப் போகவில்லை.

"வந்தவங்க யாருன்னு தெரியுமா அவங்களுக்கு?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"அந்த மெஷின்ல அவங்க அக்கவுண்ட் திறந்திருந்தா தெரியும். பேர நாம சொல்லவே வேண்டாம். ஒரு டீச்சர் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இதப் படிக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. அதுல ஹெட்மாஸ்டர் அக்கவுண்ட் திறந்திருந்தா, இனிமே விளம்பரமெல்லாம் ஹெட்மாஸ்டருக்கு வரும். அவர் யோசிக்க ஆரம்பிப்பாரு."

"ஹிஸ்டரிய அழிச்சுட்டா?" என்று கேட்டேன், ஏதோ பொதுவாகக் கேட்பதைப் போல.

"இங்க அழியும் அண்ணி. அங்க போனது போனதுதான்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. "நீங்க வாசல்ல ரெண்டு கதவு வெச்சிருக்கீங்க டாக்டர். உள்ள ஒரு ஆளுக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. யார் வந்தா யார் போனான்னு அவரு வெளிய போன் போட்டுச் சொல்லிட்டே இருக்காரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் குத்தலாம் போல் இருந்தது. அப்படியானால் அத்தைக்கு வந்த விளம்பரம் என்னாலும்தான் வந்தது. நான் போர்வைக்குள் ஒளிந்து அழுதது ஏதோ ஒரு ஊரில் இருக்கிற மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டனை நான் ஆசைக்குக்கூட ஒருநாள் தொட்டதில்லை. கூரியர்காரரை விரட்டியதுபோல் இந்த ஆளையும் விரட்டலாம் என்றால், திட்டுவதற்கு எதிரே ஒரு முகம்கூட இல்லை. வெளியே சொல்லவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ரெண்டாவது கதவுக்காகச் சுவர இடிக்கணும்னு கட்டட ஓனரோட எவ்வளவு சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். பிறகு, "எடுத்துடும்மா. இப்பவே எடு. ஆனா அனுப்பணும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு வழி வேணும். அந்தப் பொண்ணு மாதிரி இன்னொருத்தி வரணும்ல?" என்றார். தான் ஆசைப்பட்டு வைத்ததை எடுக்கச் சொல்ல அவர் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை.

"வேணும் டாக்டர். அதுக்குத்தான் லீவு போட்டிருக்கேன்" என்றாள் குடைச்சல்.

அவள் வேலை செய்கிற அழகை அதுவரை நான் பார்த்ததில்லை. கம்பெனியின் பட்டன்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் தானே வரைந்த சாம்பல் நிறப் பட்டன்களை வைத்தாள். அவை வெறும் படம், எங்கள் மெஷினிலேயே இருக்கிறவை, யாருக்கும் எதையும் சொல்லாதவை. முதல்முறை தொட்டால், 'அனுப்பினால் நீங்கள் இங்கே வந்தது அந்தக் கம்பெனிக்குத் தெரியும். பரவாயில்லையா?' என்று கேட்கும். பரவாயில்லை என்று இரண்டாம் முறை அழுத்தினால்தான் கம்பெனிக்கே தகவல் போகும். அந்தக் கேள்வியை எத்தனை விதமாக எழுதி எழுதி அழித்தாள்! என்னை ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு, "படிங்க அண்ணி, பயமுறுத்தற மாதிரி இருக்கா?" என்பாள். இருக்கு என்றால் முகம் சுளிக்காமல் மறுபடி எழுதுவாள். வீட்டில் ஒரு போர்வை மடிப்புக்கு மல்லுக்கு நிற்கிறவளா இவள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

'இழந்த கர்ப்பம்' பக்கத்தில் மட்டும் எந்தப் பட்டனும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்துக்கொள்ள ஒரு சின்ன வசதி, அவ்வளவுதான். அதுவரை நடந்துகொண்டிருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு டாக்டரம்மா நாலு வரி எழுதிக் கொடுத்தார். அதை அடியில் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "அடியில பொடி எழுத்துல போட்டா நான் ஒருத்திதான் படிப்பேன்" என்று சொல்லி முதல் பக்கத்தின் நெற்றியில் போட்டாள். வீட்டிலும் டேப்லெட்டை எடுத்து உட்கார்ந்து அத்தையின் அக்கவுண்டில் எதையெல்லாமோ மாற்றினாள். சில நாளில் அத்தைக்குப் பூந்தொட்டி விளம்பரம் வர ஆரம்பித்தது. அவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வேலை முடிந்து அவள் வராமல் போன முதல் நாள், டாக்டரம்மா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"உங்க நாத்தனாருக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்க சொல்லி அனுப்பினதுக்கு உங்களுக்கும்தான்."

"நானா? நீங்க கூப்பிட்டுத்தான வந்தா?"

"நான் எங்க கூப்பிட்டேன்? அவ யாருன்னே எனக்குத் தெரியாதே. அன்னிக்குக் காலையில நான் கதவத் திறக்க வந்தா, படியில உக்காந்திருக்கா. 'உங்க வெப்சைட்ட சும்மாவே சரிபண்ணித் தர்றேன், இன்னிக்கே ஆரம்பிக்கணும்'னா. அதுக்கு முன்னாடி நான் அவளப் பாத்ததே இல்ல."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்தது. அன்றைக்குக் காலை என்றால், அத்தை டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு மறுநாள் காலை. அந்த மேஜையில் அவள் சொன்னது அத்தனையும் பொய். விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த வழியாக, யாரால் வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் தொழிலே அதுதானே. தண்ணீர் கொடுங்கள் என்று என்னிடம் கை நீட்டியபோதே எல்லாம் தெரிந்து நீட்டியிருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் ஓடி வந்து அந்தப் பொய்யை உண்மையாக்கியிருக்கிறாள். அத்தை கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் என்ன கேட்டிருப்பார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகாத பெண்ணிடம் ஒரு தாய் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன கேட்பாள்? அத்தனையையும் வாங்கிக்கொண்டு, கண் சிவக்க வெளியே வந்து, கல்யாணப் பேச்சு என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று மஞ்சள் அட்டைக்காரரைப் பச்சை என்று கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவரைத் தனியே இழுத்து, "நீங்க அவகிட்ட ஏதாவது உளறினீங்களா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்ல" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். காது சிவக்கவில்லை.

தெரிந்தவரைத் தெரியாதவர்போல் கடந்துபோக வேண்டும் என்ற சட்டத்தை நான் சம்பளத்துக்குக் காப்பாற்றுகிறேன். இவள் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், காலையும் மாலையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காப்பாற்றியிருக்கிறாள். பரிதாபமாக ஒரு பார்வை கிடையாது. வழக்கத்தைவிடக் கனிவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. குளியலறை விளக்குக்கு நேற்றுகூடச் சண்டை போட்டாளே! இப்படி ஒரு மனுஷியை நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். பெரிய போர்வையின் இரண்டு முனைகளை அவள் பிடித்தாள், இரண்டு முனைகளை நான் பிடித்தேன்.

"நீளவாக்குல மடிங்க அண்ணி, எத்தன தடவ சொல்றது?" என்றாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாம் மாதம் என்றேன், காய்ச்சல் இல்லை என்றேன். யாரிடமும் சொல்லாததை, அத்தையை நினைத்துப் பயந்ததை, போர்வைக்குள் கிடந்து படித்ததை எல்லாம் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று அவள் சொல்லவில்லை. இடையில் புகுந்து எதையும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. முதல்முறையாகக் கேட்கிறவளைப் போல, தன் பக்கத்து முனையை விடாமல் நின்று கடைசி வரை கேட்டாள். ஆனால் அவள் கண்ணில் நிறைந்த நீர் நடிப்பில்லை.

நான் சொல்லி முடித்ததும் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"பேர் ஏதாவது யோசிச்சு வெச்சிருந்தீங்களா அண்ணி?"

அந்தப் பக்கத்தை அவளும் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாள். நான் சொன்னேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் அதைத் தன் வாயால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி" என்றாள். போர்வையின் முனைகளைக் கொண்டுவந்து என் கையில் சேர்த்தாள். மிச்ச மடிப்பை அவள் சொன்னபடியே நீளவாக்கில் மடித்தேன்.